வகுப்பைச் சிறிதாக்குவதா, நல்ல ஆசிரியரை வரவழைப்பதா?

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளில், ஆண்டுதோறும் வசந்த காலத்தில் பட்ஜெட் கூட்டங்கள் சூடுபிடிக்கும். பணத்தில் பெரும்பகுதி மாநில அரசிடமிருந்தும் உள்ளூர் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் சம்பளத்துக்கும் அதைச் சார்ந்த சலுகைகளுக்குமே போய்விடும். அதனால் பட்ஜெட் வாக்குவாதம் எங்கே தொடங்கினாலும், யாரை எங்கே வேலைக்கு வைப்பது என்பதில்தான் வந்து நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டாம் வகுப்பில் 100 பிள்ளைகள். 25 பேர் வீதம் பிரித்தால் 4 ஆசிரியர்கள் போதும். 20 பேர் வீதம் என்றால் 5 பேர் வேண்டும், கூடவே ஓர் அறையும் வேண்டும். ஐந்தாவது ஆசிரியருக்குத் தரும் சம்பளத்தை அந்த நால்வருக்கே பிரித்துக் கொடுத்தால், ஆளுக்குக் கால் பங்கு ஊதிய உயர்வு கிடைக்கும். பிள்ளைகளுக்கு எது நல்லது?

பெற்றோரைக் கேட்டால் சிறிய வகுப்பு என்பார்கள். அதற்கு வலுவான ஆதாரமும் உண்டு. டென்னசி மாநிலம் 1985-ல் 79 பள்ளிகளில் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: 13 முதல் 17 பேர் உள்ள சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பு, ஆசிரியருக்கு ஓர் உதவியாளரோடு கூடிய வழக்கமான வகுப்பு. சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் தெளிவாக முந்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் இன்னும் அதிகமாகப் பயனடைந்தார்கள். உதவியாளரைச் சேர்த்ததால் மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் இல்லை. குறைந்த சம்பளம் என்பதால் பல மாவட்டங்கள் உதவியாளர்களையே நாடுகின்றன. அவர்கள் தரும் பராமரிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. படிப்பு உயர வேண்டும் என்பதற்காகச் செலவிடும் பணம் என்றால், அது தவறான இடத்துக்குப் போகிறது.

டென்னசியைப் பார்த்து 1996-ல் கலிபோர்னியா முழு மாநிலத்துக்கும் இதைக் கொண்டுவந்தது. வகுப்பை 20 பேருக்குள் வைத்தால் பள்ளி மாவட்டத்துக்குப் பிள்ளை ஒன்றுக்கு 650 டாலர். கோடையில் அறிவிப்பு, சில வாரங்களில் பள்ளி திறப்பு. இவ்வளவு ஆசிரியர்களுக்கு எங்கே போவது? முழுத் தகுதிச் சான்று இல்லாத தொடக்க வகுப்பு ஆசிரியர்களின் பங்கு இரண்டே ஆண்டுகளில் 2 சதவீதத்துக்கும் குறைவிலிருந்து 12 சதவீதத்தைத் தாண்டியது. வசதியான ஊர்களில் புதிய இடங்கள் திறந்ததும், ஏழைப் பள்ளிகளின் அனுபவசாலிகள் அங்கே போனார்கள். நூலகமும் இசை அறையும் வகுப்பறைகளாயின. டென்னசியில் அதிகம் பயனடைந்த பிள்ளைகளுக்குத்தான் இங்கே அனுபவமில்லாத ஆசிரியர் வாய்த்தார். இதைப் படிக்கும்போது எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது.

சரி, மறுபக்கம் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரம். அந்த நகரின் பள்ளி மாவட்டம் முதலில் வகுப்பறைக் கவனிப்பு, மாணவர் முன்னேற்றம் முதலியவற்றை வைத்து ஆசிரியர்களை மதிப்பிட்டது. பிறகு 2015-16 கல்வியாண்டில், மிகவும் பின்தங்கிய 7 பள்ளிகளுக்கு வர முன்வந்த திறமையான ஆசிரியர்களுக்குப் பெரிய ஊக்கத்தொகை கொடுத்தது. தலைமையாசிரியர்களையும் தேர்ந்தெடுத்து அனுப்பியது. பள்ளி நேரத்தை நீட்டி, மாலையில் உணவும் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே 6 பள்ளிகள் மாநில அரசின் தோல்விப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன.

இதிலும் குறைகள் உண்டு. பல மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்ததால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். மதிப்பீட்டில் தேர்வு மதிப்பெண்ணுக்கு இடம் தந்தாலே தேர்வுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் ஆபத்து வந்துவிடும். மாவட்டத்துக்குள்ளேயே ஆசிரியர்களை இடம் மாற்றினால் வேறொரு பள்ளி அவர்களை இழக்கும்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் டல்லாஸ் வழியை எடுப்பேன். நல்ல ஆசிரியரிடம் 25 பேர் படிப்பது, பயிற்சியில்லாதவரிடம் 20 பேர் படிப்பதைவிட மேல். ஆனால் ஏழைப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பு வரை மட்டும், தகுதியான ஆசிரியர் கிடைக்கும் அளவுக்கு, வகுப்பைச் சிறிதாக்கவும் வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் ஒரே எண் என்று சட்டம் போட்டால், வசதியான பள்ளிக்கும் அதே பணம் போகும்.

அப்புறம், டல்லாஸில் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மதிப்பெண்கள் உயர்ந்ததும், அந்தப் பள்ளிகள் தேறிவிட்டன என்று ஊக்கத்தொகையைப் பெருமளவு நிறுத்தினார்கள். வந்த ஆசிரியர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள். மதிப்பெண்கள் திரும்பவும் சரிந்தன.