எயார் றைபிளோடு சனி, ஞாயிறு: முயலுக்கும் புறாவுக்கும் பாவித்த அனுபவம்

இங்கிலாந்தில் கென்ற் பக்கம் வேலை செய்த காலம் முழுக்க என்னிடம் எயார் றைபிள் இருந்தது. முதலில் ஸ்பிரிங் துவக்கு, பிறகு காற்றடைத்து வைக்கிற துவக்கு. சனி பின்னேரம் முயல், ஞாயிறு விடிய புறா. இப்போது கொக்குவிலில் வந்து இருக்கிறேன். ஆனாலும் லண்டனில் இருக்கிற மருமக்கள் எதை வாங்கலாம் என்று கேட்டபடி. இங்கத்தைப் பெடியளுக்கோ ஒரே ஒரு கேள்விதான்: "மாமா, உங்கட துவக்கு எவ்வளவு தூரம் போகும்?" தூரம் போவது பெரிய காரியமில்லை, மேலே பார்த்து அடித்தால் அடுத்த தோட்டத்தையும் தாண்டும். முயல் துடிக்காமல் விழ வேண்டுமென்றால் எவ்வளவு கிட்டப் போக வேண்டும் என்று கேட்கிறவர் ஒருவரையும் காணவில்லை.

முதலில் காசு விசயம். இங்கிலாந்தில் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எயார் றைபிளின் வலு 12 அடி-இறாத்தலைத் தாண்டக்கூடாது. ஏறக்குறைய 16 யூல். அதற்கு மேலே போனால் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து இந்தச் சின்னத் துவக்குக்கும் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஆகவே 200 பவுண் துவக்கும் 1,000 பவுண் துவக்கும் முயலின் தலையில் போடுகிற அடி கிட்டத்தட்ட ஒன்றுதான். விலை கூடினால் வலு கூடும் என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர் ஏமாந்துபோவார். கூடுகிற காசு உங்கள் கையின் நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு மட்டுமே.

என் முதல் துவக்கு ஜேர்மனியின் வைராஹ் கொம்பனி செய்த எச்.டபிள்யூ 80, குழலின் துளை ஐந்தரை மில்லிமீற்றர். குழலை மடக்கி ஸ்பிரிங்கைப் பூட்டுகிற வகை. ஸ்கோப் (குறி பார்க்கிற தூரக்கண்ணாடி) இல்லாமலே நாலு கிலோ வரும். நாள் முழுக்கத் தோளில் தொங்கினால் இரவில் கழுத்து சொல்லும். ஆனால் அந்த 'ரெக்கோர்ட்' விசையைப் போல ஒன்றை அந்த விலையில் நான் கண்டதில்லை. முதல் இழுவை மென்மையாக வந்து ஓரிடத்தில் நிற்கும், அதற்குப் பிறகு நினைத்தாலே போதும், சுடும். வருசக்கணக்காகப் பாவித்தும் அதற்கு நான் செய்த பராமரிப்பு, குழலைத் துடைத்ததும் ஆணிகளை இறுக்கியதும்தான்.

ஸ்பிரிங் துவக்கின் குணம் பழக வேண்டியது. உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய, துவக்கு பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்ட, துவக்கு முன்னால் இழுபடும். பெலற் (சின்ன ஈயக் குண்டு) குழலை விட்டு வெளியே வருவதற்குள் இந்தக் கூத்து தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு வெடியும் ஒவ்வொரு இடம் போகும். இடக்கையில் கோழிக்குஞ்சை வைத்திருக்கிற மாதிரிச் சும்மா தாங்கி, தன் பாட்டுக்கு உதைக்க விட வேண்டும். ஸ்கோப் வாங்கும்போதும் ஸ்பிரிங் துவக்குக்குத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். பின்னால் உதைப்பதை மட்டும் தாங்குகிற ஸ்கோப்புகள் இந்த முன்னிழுவையில் பழுதாகிவிடும்.

பிறகு வாங்கிய காற்றடைத்த துவக்கில் இந்த உதறல் அறவே இல்லை. பத்துப் பெலற் போடுகிற சக்கரம், குழல் நுனியில் சத்தம் குறைக்கிற குழாய். முதல் நாளே ஐந்து பெலற்றும் ஒரு சதக் குற்றிக்குள் போயின. அதைப் பார்த்து மயங்கியவர்கள் மற்றப் பக்கத்தையும் கேளுங்கள். 200 பார் அழுத்தத்தில் காற்று வேண்டும். சுழியோடிகள் பாவிக்கிற காற்றுப் போத்தல் வாங்க வேண்டும், அதை ஐந்து வருசத்துக்கு ஒருக்கால் அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், நிரப்புகிற கடை கிட்ட இருக்க வேண்டும். கைப்பம்பும் உண்டு. மாவிடித்து வளர்ந்த கைகளுக்குப் பரவாயில்லை, மற்றவர்கள் அரைவாசியில் கதிரை தேடுவார்கள். எனக்கு ஒரு மாரி முடியமுதலே காற்றுக் கசியத் தொடங்கியது. கொடுத்த கடை கிழமைக்கணக்காக இழுத்தடித்தது. கடைசியில் பார்த்தால் சின்ன ரப்பர் வளையம் ஒன்று. அதற்குப் பிறகு வளையங்கள் ஒரு பைக்கற் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அந்த இடைவெளி முழுக்கப் பழைய எச்.டபிள்யூதான் வேட்டைக்கு வந்தது, அதற்குக் காற்றும் வேண்டாம் கடையும் வேண்டாம்.

பெலற் அளவில் அங்கே ஒரு பழைய பேச்சு: இறகுக்கு (பறவைக்கு) நாலரை மில்லிமீற்றர், உரோமத்துக்கு (முயல் மாதிரி விலங்குக்கு) ஐந்தரை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வலு ஒன்றுதான் என்பதால் சின்னப் பெலற் வேகமாகவும் பெரியது ஆறுதலாகவும் போகும். ஸ்கோப்பை 30 யார் (ஒரு யார் மூன்று அடி) தூரத்துக்குச் சரிக்கட்டினால், 40 யாரில் நாலரை ஓர் அங்குலம் அளவில் கீழே விழும், ஐந்தரை இரண்டு அங்குலத்தையும் தாண்டும். முயலின் மூளை இருக்கிற இடமே ஓர் அங்குலம் சொச்சம்தான். தூரத்தைக் கண்ணால் மட்டிட்டுப் பழகாதவருக்கு நாலரைதான் நல்லது. எந்தப் பெலற் உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்பதைத் துவக்குத்தான் சொல்லும். நாலைந்து தகரம் வாங்கிக் கடதாசியில் அடித்துப் பார்த்து, ஒத்துவந்ததை விட்டு அசையாதீர்கள்.

சனிக்கிழமைக்கு வருவோம். இங்கே பூநகரிப் பக்கப் பற்றைகளில் எழும்பி ஓடுகிற முயல் வேறு, அது மண்ணுக்குள் வளை தோண்டாது. அங்கத்தையது குழிமுயல். வேலிக்கரை முழுக்க வளை வைத்து, வெயில் தாழக் கூட்டமாக வெளியே வந்து புல் மேயும். எங்கே வரும் என்பது தெரியும், கிட்டப் போவதுதான் பாடு. காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாகப் போக வேண்டும். 80 யாரில் குனிந்து, 60 யாரில் முழங்காலில், அதற்குப் பிறகு வயிற்றில் ஊர்ந்து. மாட்டுச் சாணியும் காஞ்சோண்டியும் வழியில் இருக்கும். முயல் தலையைத் தூக்கினால் நீங்கள் கல்லாகிவிட வேண்டும், குனிந்து மேய்ந்தால் இன்னும் இரண்டு சாண். ஒரு முயல் சந்தேகப்பட்டுப் பின்னங்காலால் நிலத்தில் 'டொக்' என்று ஒரு குத்துக் குத்தினால் முடிந்தது, வேலிக்கரை வெறிச்சோடிவிடும்.

30 யார் வந்ததும் படுத்தபடி, முன்கட்டையைப் பையில் வைத்து, கண்ணுக்கும் காதடிக்கும் நடுவில் குறி. நெஞ்சில் அடிக்கவே கூடாது. இந்த வலுவுக்கு நெஞ்சில் பட்ட முயல் வளைக்குள் ஓடிப்போய்த்தான் சாகும். இடையில் நிற்கிற ஒரு புற்கதிரைக் கவனிக்காமல் விடாதீர்கள். ஸ்கோப்பில் அது மங்கலாகத் தெரியாமல் போகும், பெலற் அதில் பட்டால் திசை மாறிவிடும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கல்லில் பட்ட ஈயம் எங்கே போகும் என்று ஒருவருக்கும் தெரியாது.

கண் வீங்கிச் சீழ் பிடித்து, ஆள் கிட்டப் போனாலும் ஓடாத முயல்களும் வரும். 1953இல் இங்கிலாந்துக்கு வந்த மிக்சோமற்றோசிஸ் நோய் இன்னும் போகவில்லை. அவற்றைச் சுட்டுப் புதைப்பேன், வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

ஞாயிறு புறா. இதில் ஊர்ந்து போகிற வேலை இல்லை, புறாவின் கண் அதற்கு விடாது. வயல் விளிம்பில் அவை வந்து குந்துகிற மரம் ஒன்று இருக்கும், அடியில் எச்சம் வெள்ளையாகக் கிடக்கும். விடிய முதல் போய், கொடி படர்ந்த அடிமரத்தோடு சாய்ந்து, முகத்துக்கு வலை போட்டு இருந்துவிட வேண்டும். முகமும் கையும் மூடாவிட்டால் மற்ற மறைப்பெல்லாம் வீண். குளிர் காலத்தில் விரல் விறைத்து விசை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சுடச்சுடத் தேத்தண்ணிப் போத்தல் துவக்குக்குச் சமமான சாமான்.

சுடக்கூடியது 'வூட்பிஜன்' எனப்படுகிற பெரிய காட்டுப்புறா. கழுத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு, பறக்கும்போது செட்டையில் வெள்ளைப் பட்டை. கிட்டத்தட்ட அதே நிறத்தில் கொஞ்சம் சின்னதாக 'ஸ்ரொக் டவ்' வரும். அதற்கு வெள்ளை இல்லை, அதைத் தொட்டால் குற்றம். குஞ்சுப் பருவத்து வூட்பிஜனுக்கும் கழுத்துத் திட்டு இராது என்பதால் ஐமிச்சம் வந்தால் நான் விசையில் விரல் வைப்பதில்லை. முன்பக்கமாக நெஞ்சைக் காட்டி இருக்கிற புறாவுக்கும் அடிக்காதீர்கள். தீன்பை நிறைய இலையும் தானியமும் அடைந்திருந்தால் பெலற் அதற்குள்ளேயே நின்றுவிடும். திரும்பும்வரை இருந்து, தலை அல்லது செட்டையின் மேல்மூலை.

புறாவைச் சும்மா ஆசைக்குச் சுடவும் முடியாது. பயிரழிவைத் தடுக்க என்று அரசாங்கம் வெளியிடுகிற பொது அனுமதியின் நிபந்தனைக்குள் நிற்க வேண்டும். முயலுக்கு 1880ஆம் ஆண்டுச் சட்டமே நிலத்தைச் செய்கிறவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது, அவர் சொன்னால் நீங்கள் சுடலாம். இரண்டுக்கும் தோட்டக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள். எனக்கு அந்தச் சம்மதம் துவக்கை விடப் பெறுமதியாக இருந்தது, கிடைக்கவும் துவக்கை விட நாள் எடுத்தது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது, வீட்டில் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பதும் சட்டம்.

"அப்ப ஒண்டைக் கொண்டு வந்திருக்கலாமே?" என்று சித்தப்பா கேட்டார். அவருடைய வெங்காயப் பாத்தியில் அப்போது மயில்கள் நின்றன. கட்டுநாயக்காவில் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவருகிற சாமான் இல்லை அது, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். மயிலைத் தொட்டால் வனசீவராசிகள் திணைக்களம் வேறு வரும். வலை போடுங்கோ என்று சொல்லி விட்டேன். என் துவக்குகள் அங்கே ஒரு நண்பரின் இரும்புப் பெட்டிக்குள்தான்.

சமையலில் முயலுக்கும் புறாவுக்கும் ஒரே முறை சரிவராது. முயலை வயலிலேயே வயிறு கீறிக் குடலை எடுத்து, ஈரலில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எறிந்துவிட வேண்டும். காதைக் கிழித்தால் இலேசாகக் கிழிவது இளசு, அதைப் பொரிக்கலாம். முற்றல் என்றால் எங்கட கறித்தூளும் இரம்பையும் போட்டு, இரண்டாம் பாலில் நன்றாக அவியவிட்டுத்தான் முதற்பால் விட வேண்டும். கொழுப்பே இல்லாத இறைச்சி, அவசரப்பட்டால் தும்பு. புறாவில் நெஞ்சை மட்டும் வெட்டி எடுத்து, மிளகு, பெருஞ்சீரகத்தோடு கெதியாய் ஒரு பிரட்டல். தலையில் அடித்த இறைச்சி என்பதால், சொட்கன்காரர் வீட்டுக் கறியில் மாதிரிச் சன்னம் பல்லில் கடிபடாது.