தாய்லாந்தா, மலேசியாவா, துபாயா: மடிக்கணினியோடு கிளம்பும் கொங்குக்காரருக்கு எது பொருந்தும்?

கோவை சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் ஐ.டி. வேலை பார்ப்பவர், வீட்டிலிருந்தே டிசைன் செய்து அனுப்புபவர், ஐரோப்பிய பையர்களுக்கு ஆர்டர் பார்க்கும் திருப்பூர் மெர்ச்சண்டைசர் என யாராக இருந்தாலும், வெளிநாட்டில் தங்கி வேலை பார்க்கும் பேச்சு கடைசியில் இந்த மூன்று இடங்களில்தான் வந்து நிற்கிறது. பாலித் தீவையும் சொல்வார்கள். அப்படித் தங்கி வேலை பார்க்க இந்தோனேசியா தரும் விசாவுக்கு ஆண்டு வருமானம் 60,000 டாலர் காட்ட வேண்டும் என்று தெரிந்ததும் பலர் அதை விட்டுவிடுவார்கள்.

வாடகையையும் கடற்கரையையும் பார்க்கும் முன் கிளையண்டின் கடிகாரத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் துபாயில் மாலை 6, கோவையில் இரவு 7.30, பாங்காக்கில் இரவு 9, கோலாலம்பூரில் இரவு 10. மூன்று மணி நேரம் மீட்டிங் நடந்தால் கோலாலம்பூர்க்காரர் படுக்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடும். கோடையில் எல்லாமே ஒரு மணி நேரம் முன்னால் வரும், அவ்வளவுதான். அமெரிக்க வேலை செய்பவர் கிழக்கே போவது, கோவையில் இப்போது கெடும் தூக்கத்தை இன்னும் கெடுத்துக்கொள்வதுதான். அவருக்குத் துபாய் சரி. லண்டன் கிளையண்ட் என்றால் கணக்கு மாறும்: அங்கே காலை 9 மணிக்கு, குளிர்காலத்தில், துபாயில் மதியம் 1, பாங்காக்கில் மாலை 4. காலையைச் சொந்த வேலைக்கு வைத்துக்கொண்டு மாலையில் உட்காரலாம். சிங்கப்பூர் கிளையண்டுக்கு மலேசியாவில் நேர வித்தியாசமே கிடையாது. சிட்னிக்கு வேலை செய்பவர் துபாயில் இருந்தால் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு எழ வேண்டும்.

அடுத்தது, உங்களுக்குப் பணம் எப்படி வருகிறது என்பது. மூன்று இடங்களும் மூன்று விதமாகக் கேட்கின்றன.

தாய்லாந்து 2024 ஜூலையில் தொடங்கிய டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா), சேமிப்பைப் பார்க்கிறது. வங்கியில் 5 லட்சம் பாட் இருக்க வேண்டும். நம் பணத்தில் 13 லட்சத்துக்கு மேல். கட்டணம் 10,000 பாட். வயது 20 ஆகியிருக்க வேண்டும். மஞ்சள் வெள்ளாமை மாதிரி வருஷத்தில் இரண்டு மூன்று தடவை மொத்தமாகப் பணம் பார்க்கும் ஃப்ரீலான்சருக்கு இதுதான் தோது. ஒப்பந்தம், செய்து முடித்த வேலைகளின் தொகுப்பு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். முந்தின வாரம் யாரிடமோ வாங்கிப் போட்ட பணம் ஸ்டேட்மெண்டில் தனியாகத் தெரியும். அங்கேதான் சந்தேகம் வரும்.

அங்கே தங்கி ஆன்லைனில் வேலை பார்ப்பவருக்கு மலேசியா தரும் டிஇ ரந்தாவ் பாஸ் ஆண்டு வருமானத்தைப் பார்க்கிறது. மென்பொருள், டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற துறைக்கு 24,000 டாலர், மற்ற துறைகளுக்கு 60,000 டாலர். திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு மலேசியா எட்டாமல் போவது இந்த இடத்தில்தான். வேலை முழுக்க மின்னஞ்சலில் நடந்தாலும் அது தொழில்நுட்ப வேலைக் கணக்கில் வராது. பாஸ் 3 முதல் 12 மாதம் வரை, இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம். கட்டணம் 1,000 ரிங்கிட், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் 500.

துபாய் மாத வருமானம் பார்க்கிறது: 3,500 டாலர், ஓராண்டு விசா, மருத்துவக் காப்பீடு கட்டாயம். போனபின் ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, கைரேகை முடிந்து எமிரேட்ஸ் ஐடி கையில் வரும். அந்த அட்டையின் மதிப்பு பெரிது. அதை வைத்து வங்கிக் கணக்கு திறக்கலாம், வாடகை ஒப்பந்தம் பதியலாம். தாய்லாந்தில் டிடிவி வைத்திருப்பவருக்குக் கணக்கு திறக்க வங்கிகள் அடிக்கடி மறுக்கின்றன.

மூன்றிலுமே உள்ளூர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்கக் கூடாது.

தாய்லாந்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. டிடிவி 5 ஆண்டு செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வந்து திரும்பினால் புதிதாக 180 நாள் ஆரம்பிக்கும். தொடர்ந்து 90 நாள் தாண்டினால் குடிவரவு அலுவலகத்தில் முகவரி தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் டிஎம்30 என்ற தங்குமிட அறிவிப்பைப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் பிற்பாடு அலுவலகத்தில் நிற்கப்போவது நீங்கள்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். சியாங் மாய்க்குப் போவதாக இருந்தால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தவிர்க்கவும். காடும் வயலும் எரியும் புகை ஊரை மூடிக்கொள்ளும். ஆஸ்துமா உள்ளவர் அங்கே இருக்கவே கூடாது.

துபாயில் வாட்ஸ்ஆப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. ஜூம், டீம்ஸ் வேலை செய்யும். ஊரில் இருக்கும் அம்மிச்சி தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பழகியவர் என்றால், கிளம்பும் முன்னே அவர் போனில் ஜூம் போட்டு இரண்டு முறை பழக்கிவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டில் மலேசியாவுக்கு இணையில்லை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்கிலும் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். சைவக்காரர் தாய்லாந்தில் 'ஜே' என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு இருக்கும். விமானம் என்றால் கோவையிலிருந்து ஷார்ஜாவும் அபுதாபியும் நேரடி. கோலாலம்பூருக்குத் திருச்சி போக வேண்டும்.

வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். துபாயில் தனிநபர் வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டு நீங்கள் இந்தியக் குடியிருப்பாளர். உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஆயுத பூஜை முடித்து அக்டோபரில் கிளம்புபவருக்கு அந்த ஆண்டு போய்விட்டது. செப்டம்பர் 28-க்குள் கிளம்ப வேண்டும். வேலைக்காகப் போனதாகக் காட்ட முடியாவிட்டால் 182-க்குப் பதில் 60 நாள் கணக்கும் குறுக்கே வரலாம் என்பதால் ஆடிட்டரை முன்கூட்டியே பாருங்கள். தாய்லாந்திலும் காலண்டர் ஆண்டில் 180 நாள் இருந்தால் வரிக் குடியிருப்பாளர். 2024 முதல் அப்படிப்பட்டவர் வெளியில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கு வரி உண்டு.

சம்பளக்காரர் விசா கட்டணம் கட்டும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிளையண்ட் ஒப்பந்தம் தரவை இந்தியாவுக்கு வெளியே திறக்கவிடாது என்றால், பாங்காக்கில் லாகின் செய்த முதல் நாளே கணக்கு முடங்கும்.

இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கைக் கோவையிலேயே போட்டு, வேலிடிட்டி தீராமல் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். மலேசியாவுக்கும் துபாய்க்கும் மூன்று பட்டை முள் உள்ள பிளக் வேண்டும், நம் உருண்டை முள் நுழையாது. அடாப்டர் இரண்டை ஊரிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.