மெஷின் எங்கே, மாமா?

ஊரிலிருந்து மச்சினன் வந்திருந்தான். இரண்டு ராத்திரி, காலத்தோடு விளையாடும் இரண்டு படம். முதல் நாள் அவன் விருப்பத்துக்கு ‘இன்று நேற்று நாளை’. மறுநாள் நான் போட்டது 1993இல் வந்த ‘கிரவுண்ட்ஹாக் டே’. எது நல்ல அறிவியல் காமெடி என்று ஆரம்பித்த பேச்சு, நான் போட்டது அறிவியல் படமே கிடையாது என்பதில் வந்து நின்றது. “மெஷின் எங்கே, மாமா?” என்பது அவன் கேள்வி. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுப்பவனிடம் இப்படிக் கேட்டுவிட்டான்.

ஆர். ரவிக்குமார் 2015இல் எடுத்த ‘இன்று நேற்று நாளை’யில் மெஷின் கண்ணெதிரே இருக்கிறது, மறுக்கவில்லை. 2065இலிருந்து விஞ்ஞானி ஆர்யா அனுப்பிவைக்க, அது விஷ்ணு விஷாலும் கருணாகரனும் இருக்கும் காலத்தில் வந்து விழுகிறது. நம்ம ஊர் ஆள் கையில் கால இயந்திரம் கிடைத்தால் டைனோசரையா பார்க்கப் போவான்? ஜோசியம் சொல்லித்தான் காசு பார்ப்பான். எதையோ தொலைத்துவிட்டு யாராவது வந்தால், தொலைந்த நேரத்துக்கே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து பலன் சொல்ல வேண்டியது. கூட்டம் குவியாமல் என்ன செய்யும்? மெஷினை எடுத்துவிட்டால் இந்தச் சிரிப்பு இல்லை. அப்புறம், போன இடத்தில் இவர்கள் செய்யும் குளறுபடியில், என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி குழந்தைவேலு தப்பிவிடுகிறான். அருமையான முடிச்சு. ஆனால் அதன்பின் வரும் துரத்தலும் மிரட்டலும் எந்தப் படத்திலும் வரக்கூடியவை. பாட்டு வந்தபோது நான் தோசைக்கு எழுந்து போனேன்.

ஹெரால்ட் ராமிஸ் இயக்கிய ‘கிரவுண்ட்ஹாக் டே’யில் பொத்தானும் இல்லை, ஒயரும் இல்லை. வானிலை அறிக்கை வாசிக்கும் பில் முர்ரே, பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் பிப்ரவரி 2ஆம் தேதியிலேயே மாட்டிக்கொள்கிறார். காலை ஆறு மணிக்கு அதே அலாரம், அதே பாட்டு. ஏன் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. திரைக்கதையின் ஒரு பழைய வடிவத்தில், முன்னாள் காதலி விட்ட சாபம் என்று காரணம் இருந்தது. அதை வைத்திருந்தால் விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படம் என்று நானே ஒப்புக்கொண்டிருப்பேன். எடுத்துவிட்டார்கள், விதி மட்டும் மிஞ்சியது: ஊருக்கே நாள் அழிகிறது, அவர் நினைவு மட்டும் அழிவதில்லை.

பியானோ டீச்சர் காட்சியைப் பாருங்கள். ஆயிரம் டாலர் தருகிறேன் என்று பில் முர்ரே சொன்னதும், படித்துக்கொண்டிருந்த சிறுமியை டீச்சர் வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிறார். (அந்த ஃபீஸை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.) டீச்சருக்கு ஒவ்வொரு நாளும் அவர் புது மாணவன், அவருக்கோ அது எத்தனையாவது வகுப்போ. கடைசியில் விருந்தில் அவர் வெளுத்து வாங்கும்போது, இவன் என் மாணவன் என்று டீச்சர் பூரிக்கிறார். சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வகுப்பு! அந்த விதி இல்லாமல் இந்த ஜோக்கை எழுதவே முடியாது. எனக்கு அது போதும், இது அறிவியல் காமெடிதான்.

“அப்ப ‘மாநாடு’?” என்றான். அதிலும் நாள் சுற்றுகிறது, ஆனால் காரணம் உஜ்ஜைனி காலபைரவர். என் கணக்குப்படி அதுவும் உள்ளே வர வேண்டும். சாமி காரணம் என்றால் பக்திப் படம்தானே என்று மடக்கினான். எஸ்.ஜே. சூர்யா “ரிப்பீட்டு” என்று அலுத்துக்கொள்ளும் இடத்தில் பக்தியா வருகிறது என்று கேட்டுவைத்தேன். ஆனாலும் காரணம் சாபமானால் வெளியே, சாமியானால் உள்ளேயா என்று அவன் விடவில்லை. அங்கே கொஞ்சம் இடறினேன்.

மார்க் போட்டாயிற்று. ‘இன்று நேற்று நாளை’க்குப் பத்துக்கு ஏழரை, அரை மார்க் குறைந்தது பாட்டுக்காக. ‘கிரவுண்ட்ஹாக் டே’க்கு ஒன்பது. மச்சினன் மறுகூட்டல் கேட்டிருக்கிறான்.