"பிரைவேட் கார்டனோடு தரைத்தளம்" என்று விளம்பரம் பார்த்தால் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்

கோபத்தில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாலை எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் ஏழரை லட்சம் ரூபாய் தனியாகக் கொடுத்து வாங்கிய தோட்டம் பொது இடமாம். மாத முடிவுக்குள் டைல்ஸ், கிரில், மேலே போட்ட ஷீட் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமாம். எடுக்கிற செலவும் எங்கள் தலையில்.

சென்னையில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஒரு மறுவிற்பனை ஃபிளாட். மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் தரைத்தளம்தான் வேண்டும் என்று தேடினோம். வீடு, மனை விளம்பரங்கள் போடும் பெரிய இணையதளம் ஒன்றில் பணம் கட்டிச் சேரும் திட்டம் உண்டு. அதில் சேர்ந்தால் கூடவே ஓர் ஆளை அனுப்புவார்கள், ஆவணங்களையும் அவர்களே சரிபார்ப்பார்கள் என்று போட்டிருந்தது. சேர்ந்தோம். தளத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. விளம்பரத்தில் பச்சை டிக், பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டது", கீழே "இரண்டு படுக்கையறை, 320 சதுர அடி பிரைவேட் பேட்டியோ மற்றும் கார்டன்".

விற்றவர் ஓய்வு பெற்ற அங்கிள் ஒருவர். அவரும் ஆன்ட்டியும் எங்களை ஹாலில்கூட உட்காரவைக்கவில்லை. நேராகக் கண்ணாடிக் கதவைத் தள்ளித் தோட்டத்துக்கே கூட்டிப்போனார்கள். ஊஞ்சல், மல்லிக்கொடி, ஆளுயரக் கறிவேப்பிலைச் செடி. சுற்றிலும் கிரில், அதற்குப் பூட்டு, சாவி அவர்கள் வீட்டு ஆணியில். ஃபில்டர் காபி வந்தது. "எட்டு வருஷமா நாங்கதாம்மா வெச்சிருக்கோம், ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டதில்ல" என்றார் அங்கிள். கேட்காமலே உள்ளே போய்ச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எடுத்து வந்தார். தோட்டமாகப் பயன்படுத்த ஆட்சேபணை இல்லை என்று முன்னாள் செயலாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். தளம் அனுப்பிய பையன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "எங்க லீகல் டீம் பார்த்தாச்சு மேடம், கிளியர்" என்றான். அதற்குள் மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து துளசி மாடத்தை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று ஆன்ட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சாவி மாட்டிய வீடு, சங்கத்துக் கடிதம், லீகல் டீம் என்று மூன்று பக்கமும் அடைத்துத்தான் ஏமாற்றினார்கள்.

வீட்டுக்கு ஒரு விலை, தோட்டத்துக்குத் தனியாக ஏழரை லட்சம். கடனுக்காக வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் தோட்டத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஓபன் ஏரியாவை எந்த பேங்க்கும் எடுக்காது மேடம், நார்மல்தான்" என்றான் அதே பையன். அதனால் ஏழரை லட்சமும் கைப்பணம். மாமியாரின் வைப்புத்தொகையை முறித்தோம், மீதிக்கு என் வளையல்கள். கிரயப் பத்திரத்தில் தோட்டம் வரவில்லை. நிலத்தில் பிரிபடாத பாகமும் ஃபிளாட்டின் பரப்பளவும் மட்டும். தோட்டத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று ஒரு முத்திரைத்தாள். அதிலும் "தோட்ட வேலை மற்றும் பொருத்துதல்களுக்கான தொகை" என்றுதான் இருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படித்தான் எழுதுவார்கள் என்றார்கள்.

டிசம்பர் மழையில் எங்கள் பிளாக்கில் கழிவுநீர் பொங்கியது. அடைப்பெடுக்க வந்தவர்கள் சேம்பரை, அதாவது கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கிப் பார்க்கும் மூடி போட்ட குழியைத் தேடினார்கள், காணவில்லை. கடைசியில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் பெற்ற பழைய பிளானை விரித்துப் பார்த்தால், இரண்டு சேம்பரும் ஒரு மழைநீர் சேகரிப்புக் குழியும் எங்கள் டைல்ஸுக்கு அடியில்! 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழியின் மேல் சிமென்ட் பூசி ஊஞ்சல் மாட்டியிருக்கிறார் அங்கிள். பிளான்படி எங்கள் பால்கனி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலடியில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய செட்பேக், தீயணைப்பு வண்டி வந்தால் திரும்புகிற வழி. ஒருவர் பூந்தொட்டியை ஓரடி தள்ளி வைக்க, அடுத்தவர் வேலி போட, இன்னொருவர் ஷெட் போட்டு வாஷிங் மெஷினை இறக்க, எங்கள் வரிசையில் எல்லாத் தரைத்தள வீடும் வழியைத் தின்றிருக்கிறது. இப்போதைய செயலாளர் பிளானைக் காட்டிப் பொறுமையாகத்தான் பேசினார். அவர் சொல்வது சரி என்பதுதான் எரிச்சலே.

வக்கீல் சொன்னது: கட்டடம் நிற்கும் நிலத்தில் எல்லா ஃபிளாட்காரர்களுக்கும் பிரிபடாத பாகம் இருக்கிறது. அதில் இந்த மூலை என்னுடையது என்று யாரும் பிடித்துக்கொள்ள முடியாது. 2016-ன் ரெரா சட்டம் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம்) மொட்டைமாடி, பூங்கா, திறந்தவெளி பார்க்கிங் எல்லாவற்றையும் பொதுப் பகுதி என்றே எழுதிவைத்திருக்கிறது. கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங்கைக்கூட பில்டர் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கு ஒன்றில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில்டருக்கே அந்தக் கதி என்றால், இரண்டு வருஷம் பதவியில் இருந்த செயலாளர் கையெழுத்துப் போட்டுத் தோட்டத்தைத் தானம் கொடுக்க முடியுமா? எட்டு வருஷம் யாரும் கேட்கவில்லை என்பதும் உரிமை ஆகாது.

அங்கிளுக்கு போன் செய்தேன். "நாங்க அனுபவிச்சதத்தானம்மா உங்களுக்குக் கொடுத்தோம்" என்றார். அப்புறம் போன் ஆன்ட்டி கைக்குப் போனது. பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார்களாம், அவருக்கு பி.பி.யாம், பணம் பற்றிப் பேசினால் ஏறுமாம். எனக்கு ஏறாதா? ஏழரை லட்சம்! இப்போது ரிங் போகிறது, எடுப்பதில்லை.

தளத்தின் கதை இன்னும் மோசம். அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டானாம். புகார் எண் கொடுத்தார்கள், இரண்டாம் நாளே "தீர்க்கப்பட்டது" என்று மூடினார்கள். மறுபடி திறந்தால் வேறொரு ஆள், முதலிலிருந்து கதை. கடைசியில் ஒரு மேலாளர் சொன்னார்: "சரிபார்க்கப்பட்டது என்றால், விற்பவரின் மொபைல் எண்ணையும் அடையாள அட்டையையும் சரிபார்த்தோம் என்று அர்த்தம் மேடம்." லீகல் டீம்? "அது வேறு பேக்கேஜ்." ஆறுதலாக அடுத்த சந்தாவுக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். அதே வாரம் அவர்களுடைய விற்பனைப் பிரிவிலிருந்து இன்னொரு பெண் கூப்பிட்டாள். உங்கள் ஃபிளாட்டை எங்களிடமே விற்பனைக்குப் போடுங்கள், பிரைவேட் கார்டன் இருப்பதால் நல்ல விலை வரும் மேடம் என்றாள். போனை வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஒப்புதல் பெற்ற பிளானைச் சங்கத்திடம் நேரில் கேட்டு வாங்கி, டேப் வைத்து அளந்து பாருங்கள். வில்லங்கச் சான்றில் இந்த வில்லங்கம் வராது. வங்கி மதிப்பிடாத இடத்துக்கு நீங்களும் பணம் கொடுக்காதீர்கள். கிரயப் பத்திரத்தில் இல்லாதது உங்களுடையது இல்லை. பழைய செயலாளர் கடிதத்தை நம்பாதீர்கள், இப்போதைய செயலாளரைப் பாருங்கள். தளத்துச் சந்தாவுக்கு ரசீது இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தால் முதலில் புகாரைப் பதிவு செய்துகொள்கிறார்கள். அங்கிளுக்கு வக்கீல் நோட்டீஸ் தனியாகப் போகிறது.

யாருக்காவது டைல்ஸ், கிரில் எடுப்பதற்கு நியாயமான கூலி தெரிந்தால் சொல்லுங்கள். சங்கம் அனுப்பிய ஆள் நாற்பதாயிரம் கேட்கிறார்.