ஆறு வருஷ டிவியும் அடுத்தவர் வீட்டு மாடிப்படியும்

"43 இன்ச் ஸ்மார்ட் டிவில எது வாங்கலாம் மச்சி? உன்னோடது எப்படி உழைக்குது?" என்று நண்பன் கேட்டபோது என் டிவி மெக்கானிக் கடையில் கிடந்தது. அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் நாலு கெட்ட வார்த்தை கலந்திருக்கும். இப்போது ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

2019 தீபாவளிக்கு வாங்கியது. போன மாதம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாள் ராத்திரி சத்தம் மட்டும் வந்தது, படம் இல்லை. மெக்கானிக் வந்து செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டினாற்போல் அடித்தார். உள்ளே நிழல்போலப் படம் ஓடிக்கொண்டிருந்தது. "பேனல் நல்லாத்தான் சார் இருக்கு, பேக்லைட் ஸ்ட்ரிப் போயிடுச்சு." திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் விளக்குப் பட்டைதான் அது. 2,800 ரூபாய், பதினொரு நாள். ஆறு வருஷ டிவிக்கு இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். படம் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. சவுண்ட் சுமார்.

என் எரிச்சல் வேறு. ஆன் செய்ததும் வரும் முகப்புப் பக்கம். ரிமோட்டை வைத்துவிட்டு முறுக்கு டப்பாவைத் திறப்பதற்குள் அதுவாக ஒரு வீடியோ ஓட ஆரம்பித்துவிடும். செட்டிங்ஸில் எல்லா மூலையிலும் தேடிவிட்டேன், நிறுத்த வழியில்லை. அதில் பாதி, பணக்காரர் வீட்டைச் சுற்றிக் காட்டும் ஹோம் டூர். இத்தாலி மார்பிள், வீட்டுக்குள்ளேயே லிஃப்ட், செருப்புக்கென்று தனி அறை.

இது எங்கள் வீட்டுக்கு ஏன் வருகிறது என்பது பிறகுதான் புரிந்தது. காரணம் அம்மா. இருபத்திரண்டு வருஷம், சென்னையில் பணக்காரர்கள் வசிக்கும் போட் கிளப் பக்கம், ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தவள். ஹோம் டூர் வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்ப்பாள். சோபாவையோ சாண்ட்லியரையோ அல்ல. "இவ்ளோ தரை இருக்கே, தொடைக்கிறவ எங்கடா?" என்பாள். சமையலறையைக் காட்டினால் அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தேடுவாள். பின்வாசல் எங்கே, வேலைக்காரர்களின் கக்கூஸ் கார் ஷெட்டுக்குப் பக்கத்திலா என்று தேடுவாள். ஒரு வீடியோவிலும் கிடைத்ததில்லை. தேடித் தேடிக் கடைசி வரை பார்க்கிறாளே, டிவி அதை ரசனை என்று கணக்கெழுதிக்கொண்டு இன்னும் பத்து அனுப்புகிறது.

சீரியல்களில் வேலைக்காரர்கள் உண்டு, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் முதலாளியம்மாவுக்காக உயிரைக் கொடுப்பவர்களாக மட்டும். அம்மா வேலை பார்த்த வீட்டு அம்மாவும் நிஜமாகவே நல்லவர்தான். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு டியூஷன் ஃபீஸ் கட்டியது அவர். ஆனால் சம்பளத்தை ஏற்றச் சொல்லி அம்மா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஃபீஸ் கட்டியவரிடம் எப்படிக் கேட்பது? இன்று சீரியலில் ஒரு பெரிய வீட்டுக்காரர் தோட்டக்காரன் மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்துக் கொடுக்கும்போது என் மகள் கண் கலங்குகிறாள். தோட்டக்காரனுக்கு மாதம் எவ்வளவு என்று அவளுக்குத் தோன்றுவதில்லை. எனக்கே அந்த வயதில் தோன்றியதில்லை.

அப்புறம் ஒரே பாட்டில் பணக்காரர் ஆகும் நம்ம ஊர் சமாச்சாரம். 1997ல் வந்த சூர்யவம்சத்தில் பாட்டு முடிவதற்குள் ஹீரோ பஸ் முதலாளி, மனைவி கலெக்டர் வரை போய்விடுவார்கள். இன்றுவரை மீம் போட்டுச் சிரிக்கிறோம், சிரித்துக்கொண்டே நம்பவும் செய்கிறோம். அமெரிக்காவில் யூன்ஜி கிம் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளர், சாதாரண ஆள் ஒரே மேடையில் வாழ்க்கையில் உயரும் ரியாலிட்டி ஷோக்களை ஆராய்ந்தார். அவற்றைப் பார்ப்பவர்களுக்கு, உழைத்தால் யாரும் மேலே வந்துவிடலாம் என்ற நம்பிக்கை கூடுகிறது என்று கண்டார். நம்பிக்கை நல்லதுதானே என்பீர்கள். மேலே வராதவன் உழைக்கவில்லை என்பதும் அந்த நம்பிக்கைக்குள்தான் இருக்கிறது. என் தம்பி ஆட்டோ ஓட்டுகிறான், பதினான்கு மணி நேரம். "நான் சரியா முயற்சி பண்ணலண்ணா" என்று அவனே சொல்கிறான்.

2024 ஜூலையில் மும்பையில் அம்பானி வீட்டுக் கல்யாணம். எந்தச் சேனலைத் திருப்பினாலும் நகை, மாலை, வந்து இறங்கிய வெளிநாட்டு விருந்தாளிகள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மூன்று பெரிய செல்போன் கம்பெனிகளும் ரீசார்ஜ் கட்டணத்தை ஏற்றியிருந்தன. வீட்டில் நாலு சிம். நான் ஸ்கிரீனையும் பில்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனைவி மணப்பெண்ணின் லெஹங்காவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்லவில்லை, லெஹங்கா அழகாகத்தான் இருந்தது. அந்த வருஷம் மார்ச்சில் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-23ல் இந்தியச் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தாரிடம் இருந்தது என்றது. முகப்புப் பக்கம் அதை ஒருநாளும் எனக்குத் தானாக ஓட்டிக் காட்டவில்லை.

டிவி ரிப்பேரில் இருந்த பதினொரு நாளும் மகள் "நம்ம வீட்ல ஏம்பா மாடிப்படி இல்ல?" என்று கேட்கவில்லை. வந்த இரண்டாம் நாள் கேட்டாள்.

நண்பனுக்குச் சொல்வது இதுதான். படத்துக்கு முழு மார்க், உழைப்புக்கு முழு மார்க், விலையும் இப்போது இறங்கியிருக்கிறது. வாங்காதே. ஸ்மார்ட் இல்லாத பழைய டிவி கிடைத்தால் எடு. நீ ஏன் 2,800 செலவழித்தாய் என்று கேட்பாய். அம்மா விடவில்லை.

நேற்றுக்கூட ஒரு ஹோம் டூர். நீச்சல் குளத்துக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கதவில் ஒரு நைட்டியும் துடைப்பமும் ஒரு நொடி தெரிந்து மறைந்தன. அம்மா நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டாள். "நிறுத்துடா, நிறுத்துடா, அதோ நிக்கிறா!"

ரிமோட்டில் வீடியோவை நிறுத்தும் பட்டன் தேய்ந்து மூன்று மாதம் ஆகிறது. அழுத்தி அழுத்திப் பார்த்தேன், அதற்குள் வீடியோ மாடிக்குப் போய்விட்டது.