பிரபுவின் கோட்டையா, மன்னரின் ஆணையா?

நிலப்பிரபுத்துவம் வேறு, முடியாட்சி வேறு என்று பள்ளியில் தனித்தனியாகப் படித்துவிடுகிறோம். இடைக்கால ஐரோப்பாவில் இரண்டும் ஒரே நாட்டில்தான் கலந்து கிடந்தன. மன்னரும் இருந்தார், பிரபுக்களும் இருந்தார்கள். யார் கை ஓங்கியது என்பதில்தான் வித்தியாசம். அதைப் பார்க்க 11, 12ஆம் நூற்றாண்டுகளின் பிரான்சும் இங்கிலாந்தும் நல்ல ஜோடி.

987இல் பிரான்சில் ஊக் கபேயை மன்னராகத் தேர்ந்தெடுத்தவர்களே பெரிய பிரபுக்களும் ஆயர்களும்தான். அவர் வம்சத்தின் நேரடி நிலம் பாரிஸ், ஓர்லியான் சுற்றுவட்டாரத்தைத் தாண்டவில்லை. பிரபு மண்டியிட்டு, கூப்பிய கைகளை மன்னரின் கைகளுக்குள் வைத்து விசுவாசம் சொல்வார். ஊர் திரும்பினால் வரி, வழக்கு, படை எல்லாம் அவருடையதுதான். பாரிஸுக்குப் பக்கத்திலேயே இருந்த மோன்லேரி கோட்டை தந்த தொல்லையிலேயே தனக்கு மூப்பு வந்துவிட்டது என்று முதலாம் பிலிப் மகனிடம் புலம்பினாராம், அவரும் அந்த வம்சத்து மன்னர்தான். மகன் ஆறாம் லூயி பட்டத்துக்கு வந்த பிறகும் லெ புய்சே என்ற ஒரே கோட்டையை 1111 முதல் 1118க்குள் மூன்று முறை இடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் மன்னருக்கு இந்தப் பாடு!

இங்கிலாந்தில் 1066இல் படையெடுத்து வென்ற நார்மண்டிப் பிரபு வில்லியம், நிலம் முழுவதும் தன்னுடையது என்றே தொடங்கினார். 1086இல் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஒரு மாடு, ஒரு பன்றிகூட விடுபடவில்லை என்று அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு வெட்கத்தோடு எழுதுகிறது. அதே ஆண்டு சால்ஸ்பரியில், யாருக்குக் கீழே நிலம் வைத்திருந்தாலும் சரி, முக்கியமான நிலக்காரர்கள் தனக்கே நேரடியாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். என்னைக் கேட்டால் இரண்டு நாடுகளையும் பிரித்தது இந்தச் சத்தியம்தான். ‘என் ஆளின் ஆள் என் ஆள் இல்லை’, அதாவது பிரபுவுக்குக் கீழே இருப்பவர் மன்னருக்குக் கட்டுப்பட்டவர் இல்லை என்பதல்லவா பிரான்சின் வழக்கம்.

ஆனால் இந்த வலிமை மன்னர் என்ற ஒற்றை மனிதரையே நம்பியிருந்தது. 1135இல் முதலாம் ஹென்றி இறந்ததும் அவருடைய சகோதரி மகன் ஸ்டீபனும் மகள் மட்டில்டாவும் அரியணைக்கு மோதினார்கள். அனுமதியில்லாத கோட்டைகள் முளைத்தன, குடியானவர்கள் சூறையாடப்பட்டார்கள். 1154இல் வந்த இரண்டாம் ஹென்றி அவற்றில் பலவற்றை இடித்தார். அப்புறம், நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டவர் அரச ஆணை வாங்கி, உள்ளூர்க்காரர்கள் 12 பேர் முன்னிலையில் நியாயம் கேட்கலாம் என்ற வழியைத் திறந்தார். பிரபுவுக்கு மேலே இன்னொரு கதவு. இதனாலேயே என் ஓட்டு இங்கிலாந்துக்கு.

பிரபுக்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மண்டியிட்டுச் செய்த சத்தியம் இரு தரப்பையும் கட்டும் என்று அவர்கள் நம்பினார்கள். 1204இல் பிரான்சில் இருந்த நார்மண்டியை இழந்து, அதை மீட்கப் பணம் கறந்த இங்கிலாந்தின் ஜான் மன்னரை 1215இல், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மகா சாசனத்துக்கு (மாக்னா கார்ட்டா) பணியவைத்தது அந்த நம்பிக்கைதான்.

ஆனால் பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு உழைத்த பண்ணையடிமைக்குப் பிரபுவின் கதவு, மன்னரின் கதவு இரண்டுமே மூடியிருந்தன. பிரபுமீது அவர் அரச நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அவர் செத்தால் வீட்டின் நல்ல மாடு பிரபுவுக்குப் போகும். 1381இல் லண்டனில் திரண்ட குடியானவர்கள், மன்னர் கேட்பார் என்று நம்பி இரண்டாம் ரிச்சர்டிடமே அடிமைத்தனத்தை ஒழிக்கக் கேட்டார்கள். அவர் சாசனம் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களிலேயே அதை ரத்து செய்தார்.