பதினெட்டு காரட் வளையல்: மூன்று வருடம் போட்டுப் பார்த்த பிறகு

என் கல்யாண மோதிரம் வாங்கும்போது சரியாக நான்கு கிராம். பதினேழு வருடம் கழித்துத் தராசில் வைத்தால் 3 கிராம் 560 மில்லி. கல் விழவில்லை, யாரும் வெட்டவில்லை. தையல் மிஷின் சக்கரத்தை இந்தக் கையால்தான் தினமும் திருப்புகிறேன். அதிலேயே 440 மில்லி தங்கம் தேய்ந்து போயிருக்கிறது. 22 காரட் அவ்வளவு மென்மை. நூற்றில் 91.6 பங்கு தங்கம், மீதிதான் செம்பும் வெள்ளியும். 18 காரட்டில் தங்கம் 75 பங்குதான். கால் பங்கு வேறு உலோகம் சேர்வதால் இறுகிவிடுகிறது. அதனால்தான் வைரக்கல் பதிப்பதற்குப் பெரும்பாலும் 18 காரட்டையே எடுக்கிறார்கள். கல்லைப் பிடித்திருக்கும் கால்கள் எளிதில் வளையாது.

மூன்று வருடத்துக்கு முன்பு மதுரை தெற்காவணி மூல வீதியில் எட்டு கிராமில் ஒரு 18 காரட் திருகு வளையல் வாங்கினேன். அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. “ஒரு பவுன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் ஒரு பவுன் இல்லையே அம்மா” என்றார். அவர் சொன்னது கணக்குப்படி சரி. எட்டு கிராம் 18 காரட்டில் சுத்தத் தங்கம் ஆறு கிராம்தான். 22 காரட்டில் ஏழே கால் கிராமுக்குச் சற்று மேல்.

ஆனால் கடையில் என்னை ஏமாற்றப் பார்த்தது தங்கத்தின் அளவு இல்லை, சேதாரம். அதே மேஜையில் 22 காரட் சாதா வளையலுக்குச் சேதாரம் 9 சதவீதம் சொன்னார்கள். 18 காரட் வளையலுக்கு 16. மிஷின் வேலை, புது டிசைன் என்று காரணம். கணக்கு எளிதாக இருக்க 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 750ஆல் பெருக்கி 916ஆல் வகுத்தால் 18 காரட்டின் நியாயமான விலை வரும்: 8,188. இனி எட்டு கிராமுக்குச் சேதாரமும் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துப் போட்டால், 22 காரட் வளையல் 89,816 ரூபாய், 18 காரட் வளையல் 78,264 ரூபாய். கையில் மிச்சம் 11,552. ஆனால் தங்கத்தின் மதிப்பில் குறைந்தது 14,496. அதாவது குறைந்த காரட் வாங்கி, தங்கமாகத் திரும்பாத பணத்தை ஏறக்குறைய மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்கிறோம். நான் எழுந்து வாசல் வரை வந்த பிறகு 16ஐ 11 ஆக்கினார்கள். அந்த விலைக்குத்தான் வாங்கினேன். 16க்குச் சம்மதித்திருந்தால் இன்று இதை வாங்கச் சொல்லி எழுதியிருக்க மாட்டேன்.

வளையல் எப்படி இருக்கிறது என்றால், மிக நன்றாக இருக்கிறது. மூன்று தீபாவளிச் சீசனின் தையல் வேலையைத் தாங்கியிருக்கிறது. போன மாதம் எடை போட்டேன். 8 கிராமில் 20 மில்லிதான் குறைந்திருந்தது. நெளியவில்லை, ஓரம் மழுங்கவில்லை. இதற்கு முன் போட்டிருந்த 22 காரட் வளையல்கள் இரண்டு வருடத்தில் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன, பத்தரிடம் கொடுத்து வட்டமாக்க வேண்டியிருந்தது.

நிறம் கொஞ்சம் வெளிர்தான். மஞ்சள் ஏறிய 22 காரட் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் கவரிங்கா என்று கேட்டார். எனக்கு அது வலித்தது, மறைக்க மாட்டேன். விசேஷத்துக்குப் போகும்போது இதைக் கழற்றிவிட்டு அம்மா போட்ட 22 காரட் ஜோடியைப் போட்டுக்கொள்கிறேன்.

பழுது பார்ப்பதுதான் பெரிய குறை. ஒன்றரை வருடத்தில் திருகாணி பிய்ந்துவிட்டது. எங்கள் தெருப் பத்தர் 22 காரட் பொடி வைத்துப் பற்றவைத்துப் பழகியவர். “நிறம் ஒட்டாதுக்கா, இழை தெரியும்” என்று நேர்மையாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கிய கடையில் கொடுத்தால் கோயம்புத்தூர் பட்டறைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் ஆயிற்று. பக்கத்தில் செய்து தர ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது அடகு. ஓவர்லாக் மிஷின் வாங்க வங்கியில் நகைக்கடன் கேட்டேன். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, சீட்டில் 6.55 கிராம் என்று எழுதினார். எட்டு கிராம் கொடுத்தேனே என்று பதறினேன். அப்போதிருந்த ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்த காரட் நகையை 22 காரட்டாக மாற்றித்தான் எடை எழுத வேண்டும் என்று விளக்கினார். ஏமாற்று இல்லை. ஆனால் அவசரத்துக்கு அடகு வைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். மகளின் 14 காரட் தோட்டை அந்தக் கிளையில் கையில்கூட வாங்கவில்லை.

அந்தத் தோடு ரோஸ் நிறம். செம்பு கூடுதலாகச் சேர்ப்பதால் வரும் நிறம் அது. கல்லூரிக்குப் போட்டுப் போகிறாள், காது புண்ணாகவில்லை. வெள்ளைத் தங்கம் கேட்டிருந்தால் நிக்கல் கலந்ததா பல்லேடியம் கலந்ததா என்று கேட்டிருப்பேன். நிக்கல் சில பேருடைய தோலுக்கு ஆகாது. இவ்வளவு சின்ன நகைக்கு 14 காரட் போதும். தொலைந்தாலும் வீடு கலங்காது.

2025இல் 9 காரட்டுக்கும் ஹால்மார்க் வந்துவிட்டது, 375 என்ற எண்ணோடு. மகள் ஒரு செயினைக் காட்டினாள். அதில் தங்கத்தைவிட மற்ற உலோகம்தான் அதிகம். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் கருத்துப்போகும் என்று எனக்குப் பயம். அதற்கும் கிராம் கணக்கில் சேதாரம் போட்டுத் தருவதை நான் ஏற்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எந்தக் காரட் ஆனாலும் முத்திரையைப் பாருங்கள். 18க்கு 750, 14க்கு 585. கூடவே எச்யூஐடி இருக்கும், அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு; 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஹால்மார்க் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்தக் குறியீட்டை அடித்தால் காரட்டும் நகையின் வகையும் வந்துவிடும். என் வளையலுக்குக் கடையிலேயே நின்று பார்த்தேன். பில்லில் காரட், கல் எடை கழித்த நிகர எடை, ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் 18 காரட்டின் அன்றைய விலைக்கு எடுப்பார்களா, எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் அதே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு வாயால் சொன்னார்கள், எழுதித் தர மறுத்தார்கள். இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் எழுதினார்கள்.

தாலிக்கொடியை 22 காரட்டிலேயே வைத்திருக்கிறேன், மாற்ற மாட்டேன். மகளுக்காகக் கட்டும் நகைச்சீட்டு முடிந்ததும் அதிலும் 22 காரட் செயின்தான். அது அவளுக்குச் சேமிப்பு. தேய்ந்துபோன கல்யாண மோதிரத்தை மட்டும் இந்தத் தை மாதம் கொடுத்து, அதே விரலுக்கு 18 காரட்டில் ஒரு சாதா மோதிரம் எடுக்கப்போகிறேன். சேதாரம் 8 சதவீதத்துக்கு மேல் என்றால் எழுந்து வந்துவிடுவேன்.